கொழும்பில் ஒரு தெற்காசிய விளையாட்டு விழா: அழைப்புக் கடிதத்திலிருந்து கடைசி லொறி வரை

அயல் நாடுகளைக் கூப்பிட்டுக் கொழும்பில் விளையாட்டு விழா நடத்துவது என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்தின் பாதி நேரம் ஆரம்ப விழாவிலேயே கழிந்துவிடும். நடனக் குழு எத்தனை, வாணவேடிக்கை எத்தனை நிமிடம், பிரதம அதிதி யார், மேடையில் எத்தனை கதிரை. பஸ் எத்தனை என்று கேட்கிற ஆள் கடைசி வரிசையில் இருப்பார். அவருக்கு மைக் போய்ச் சேராது. இந்த வழிகாட்டியை அந்தக் கடைசி வரிசைக்காரருக்காக எழுதுகிறேன்.

கொழும்புக்கு இந்த வேலை புதிதல்ல. 1984இல் காத்மண்டுவில் தொடங்கிய தெற்காசிய விளையாட்டு விழா, 1991 டிசம்பரில் ஒரு தடவையும் 2006 ஓகஸ்ட் 18 முதல் 28 வரை இன்னொரு தடவையும் இங்கே நடந்தது. இரண்டாம் தடவை எட்டு நாடுகள் வந்தன, 20 விளையாட்டுகள் நடந்தன. அதற்குப் பிறகு தனித்தனி விளையாட்டுகளில் பிராந்தியப் போட்டிகள் பல வந்து போயிருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் தொண்டராக நின்றிருக்கிறேன். பிறகு பதிவுப் பிரிவில் உட்கார்ந்து பெயர் தட்டியிருக்கிறேன். ஏழு நாட்டுப் பெரு விழாவோ, நாலு நாட்டுப் பாடசாலை அணிகள் வருகிற சின்னப் போட்டியோ, வேலையின் ஒழுங்கு ஒன்றுதான். எண்ணிக்கைதான் மாறும்.

படி 1: யார் பெயரில் அழைப்பது என்று தீர்மானியுங்கள்

தெற்காசிய விழாவை நடத்தும் உரிமை தெற்காசிய ஒலிம்பிக் சபையிடம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு நாட்டின் தேசிய ஒலிம்பிக் கமிட்டியும் உறுப்பு. ஆகவே அழைப்பு போக வேண்டியது நமது தேசிய ஒலிம்பிக் கமிட்டி வழியாக. பணம், மைதானம், பொலிஸ், சுங்கம் எல்லாம் அரசாங்கத்தின் கையில். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி சங்கங்கள் விளையாட்டுத்துறை அமைச்சின் கண்காணிப்பில் இயங்குகின்றன. ஆகவே இரண்டு பக்கமும் சேர்ந்த ஒழுங்கமைப்புக் குழு ஒன்று வேண்டும். யார் எதில் கையொப்பம் இடுவார் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் கிரிக்கெட் நிறுவனத்தை ஐசிசி இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில் இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான்: சங்க நிர்வாகத்தில் வெளியார் தலையீடு. இடைநிறுத்தப்பட்ட சங்கம் சர்வதேசப் போட்டி நடத்த முடியாது. நீங்கள் சேர்க்கப்போகும் ஒவ்வொரு விளையாட்டின் சங்கமும் அதன் உலக சம்மேளனத்தோடு நல்ல நிலையில் இருக்கிறதா என்று கடிதம் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி வாங்குங்கள்.

படி 2: திகதி

எனக்குக் கேட்டால், எல்லாத் தீர்மானத்திலும் கடினமானது இதுதான். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். அப்படியானால் பெப்ரவரியில் வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்கிறது. 2027இல் அது பெப்ரவரி இரண்டாம் கிழமையில் தொடங்கி மார்ச் முதற்பகுதி வரை போகும். 2028இல் ஜனவரிக் கடைசியிலேயே தொடங்கிவிடும். மாலைதீவு, பாகிஸ்தான், பங்களாதேஷ் அணிகளை நோன்போடு மத்தியான வெயிலில் ஓட விடுவது விருந்தோம்பலாகாது. நமது அணியிலும் நோன்பு பிடிக்கிற பிள்ளைகள் உண்டு. பெப்ரவரி 4 சுதந்திர தினம். அதன் ஒத்திகைக்கு ஒரு கிழமை முன்பிருந்தே வீதிகளை மூடுவார்கள். மார்ச் வந்தால் பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் போட்டிகள். நல்ல மைதானங்கள் எல்லாவற்றிலும் கூடாரமும் பப்பரே வாத்தியமும்தான்.

ஏப்ரலில் புத்தாண்டு, மே மாதம் வெசாக், கூடவே தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் மூன்று மணியானால் இடியும் மின்னலும். மிஞ்சுவது ஓகஸ்ட். மழை ஓரளவு தணிந்திருக்கும், பாடசாலை விடுமுறை, விடுதிகளும் மாணவத் தொண்டர்களும் கிடைப்பார்கள். 2006இல் ஓகஸ்டில் வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கண்டிப் பெரஹராவும் நல்லூர்த் திருவிழாவும் அந்தப் பருவத்தில்தான் வரும். அதனால் ஹோட்டல் அறையும் ரயில் ஆசனமும் முன்கூட்டியே நிரம்பும். உயர்தரப் பரீட்சைத் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திகதியோடு சேர்த்து ஒத்திவைப்பு விதியையும் எழுதி வையுங்கள். இந்த விழாவின் வரலாறே ஒத்திவைப்பின் வரலாறு. இஸ்லாமாபாத் விழா 2001இல் நடக்க வேண்டியது, 2004க்குத் தள்ளிப்போனது. 2006இல் நமது ஆரம்ப விழாவுக்கு நாலே நாள் முன்பு, ஓகஸ்ட் 14ஆம் திகதி, கொழும்பில் குண்டு வெடித்தது. இங்கே வந்திருந்த தென்னாபிரிக்கக் கிரிக்கெட் அணி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. தெற்காசிய விழா மட்டும் குறித்த திகதியில் தொடங்கியது. 2022இல் எரிபொருள் வரிசைக் காலத்தில் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இங்கிருந்து ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனது. எந்த நாள் வரை ஒத்திவைக்கலாம், ஹோட்டல் முற்பணம் யாருக்குத் திரும்பும், விமானச் சீட்டு நட்டம் யாருடையது என்ற மூன்று கேள்விக்கும் ஒப்பந்தத்தில் பதில் வேண்டும்.

படி 3: விளையாட்டுகளைத் தெரிவு செய்தல்

மெய்வல்லுநர், நீச்சல், உதைபந்தாட்டம், கபடி, கரப்பந்தாட்டம், குத்துச்சண்டை, பாரம் தூக்குதல், துப்பாக்கிச் சுடுதல் ஆகியவற்றைத் தொட முடியாது, எல்லோரும் கேட்பார்கள். மிச்சத்தில்தான் நடத்தும் நாட்டின் கைவரிசை. நாம் வலைப்பந்தையும் றக்பியையும் உள்ளே தள்ளப் பார்ப்போம். மற்றவர்கள் கோ-கோ கேட்பார்கள். தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரு போட்டிக்குக் குறைந்தது எத்தனை நாடு பதிய வேண்டும், ஒரு நாட்டிலிருந்து எத்தனை பேர் என்பதைக் கையேட்டில் முதலே அச்சிட்டுவிடுங்கள். மூன்று பேர் ஓடி மூன்று பேருக்கும் பதக்கம் கொடுக்கிற காட்சி யாருக்கும் பெருமை தராது.

படி 4: மைதானங்கள்

மையம் சுகததாச விளையாட்டரங்கு. முன்னாள் மேயரும் விளையாட்டுத்துறை அமைச்சருமான வி. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கிய அந்த வளாகத்தில் ஓடுபாதை, உள்ளரங்கு, நீச்சல் தடாகம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கொழும்பில் இந்த வசதி வேறெங்கும் இல்லை. டொரிங்டன் மைதானத்தைப் பயிற்சிக்கு வையுங்கள். ரேஸ்கோர்ஸ் உதைபந்தாட்டத்துக்கும் றக்பிக்கும் பொருந்தும். ஹோமாகமவை அடுத்த தியகமவில் இன்னொரு ஓடுபாதை உண்டு. ஆனால் தினமும் அணிகளை அங்கே கொண்டுபோய்க் கொண்டுவருவது தனி யாத்திரை. படகோட்டத்துக்குத் தியவன்னா.

ஓடுபாதைக்கு உலக மெய்வல்லுநர் அமைப்பின் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அங்கே ஓடுகிற நேரம் உலகத் தரவரிசைக்கோ தகுதி காண் அளவுக்கோ செல்லாது. தேசிய சாதனையை உடைத்த பிள்ளையிடம் இதை யார் போய்ச் சொல்வது? காற்றுமானியும் அப்படித்தான்: 100 மீற்றரிலும் நீளம் பாய்தலிலும் காற்று விநாடிக்கு 2.0 மீற்றருக்கு மேல் முதுகில் வீசினால் சாதனை இல்லை. மானி வேலை செய்யாவிட்டாலும் சாதனை இல்லை.

சிறு விஷயம்போல் தெரிகிற ஒன்று. தட்டும் சம்மட்டியும் எறிகிற புற்தரையில் அடுத்த நாள் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியை வைக்காதீர்கள். தரை முழுக்கக் குழி விழுந்திருக்கும். நீச்சல் தடாகத்தில் நீரின் வெப்பம் 25க்கும் 28 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. கொழும்பு வெயிலில் திறந்த தடாகம் அதை எளிதில் தாண்டும். ஆகவே நீச்சலைக் காலையிலும் மாலையிலும் வைத்து, மத்தியானத்தை ஓய்வுக்கு விடுங்கள்.

மரதன் ஓட்டத்துக்குப் பாதை அளப்பது தனிக் கலை. மோட்டார் வண்டியின் மீற்றரைப் பார்த்து அளந்தால் ஏற்கமாட்டார்கள். சக்கரத்தில் எண்ணிக் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளக்க வேண்டும். அளவில் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீற்றர், கூடுதலாகவே வைப்பார்கள். காலி முகத்திடலில் தொடங்கிக் கடலோர வீதியில் போகிற பாதைதான் என் தெரிவு. ஆனால் ஐந்து மணிக்கே விசில் ஊத வேண்டும். ஏழு மணி வெயிலில் வெள்ளவத்தையில் நடப்பதே பாடு.

படி 5: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். நமது அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக அதற்கு முந்திய நவம்பரில் வரும். ஓகஸ்டில் விழா என்றால் விழாவுக்கு முந்திய வருட நவம்பரிலேயே உங்கள் ஒதுக்கீடு அச்சில் இருக்க வேண்டும். உபகரணங்களுக்கு அதற்கும் முந்திய வருடத்தின் ஒதுக்கீடு வேண்டும், ஏனென்றால் கேள்விப்பத்திரம் கோரி, திறந்து, ஒருவர் முறைப்பாடு செய்து, மறுபடி கோரி முடிய மாதங்கள் ஓடிவிடும். டொலரில் வாங்குவதையும் ரூபாவில் வாங்குவதையும் தனித்தனிப் பட்டியலாக வையுங்கள். 2022ஐப் பார்த்த நமக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

படி 6: பெயர்கள்

இனி என் பிரிவு. பதிவு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் ஒவ்வொரு நாடும் எந்த விளையாட்டில் எத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் அனுப்பும். ஹோட்டலும் பஸ்ஸும் அந்த எண்ணிக்கையில் ஒழுங்காகும். பிறகு பெயர், கடவுச்சீட்டு, படம். பெயர்ப் பதிவு முடிவுத் திகதியை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, உண்மையான முடிவுக்குப் பத்து நாள் முன்னதாக ஒன்றை அறிவியுங்கள்.

சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. கணினி மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். பூட்டான்காரருக்கு வழக்கமாகக் குடும்பப் பெயரே கிடையாது. இரண்டுமே அவருடைய பெயர்தான், அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர் இருக்கலாம். மாலைதீவு அணியில் மொஹமட் என்று தொடங்குவோர் நாலைந்து பேர் இருப்பார்கள். சிங்களப் பெயர்களில் வீட்டுப் பெயர் ஒரு வரி நீளும். தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் அப்பா.

ஒரு இளையோர் போட்டியில் நடந்தது இது. வன்னிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, முதல் சர்வதேசப் போட்டி. ஓட்டத்துக்கு முன் எல்லோரும் அழைப்பு அறைக்கு வர வேண்டும். குறித்த நேரத்துக்குள் வராதவர் ஓட முடியாது. ஒலிபெருக்கியில் மூன்று தடவை ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். பிள்ளை பத்தடி தூரத்தில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டது அதன் அப்பாவின் பெயரை. தன்னுடைய அப்பாவை இங்கே யார் தேடப் போகிறார்கள் என்று அது பேசாமல் இருந்திருக்கிறது. பயிற்றுநர் விஷயம் விளங்கி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் கடைசி நிமிடத்தில் உள்ளே விட்டார்கள். பதிவுப் பலகையில் அந்தப் பெயரைத் தட்டியது நான்தான். கடவுச்சீட்டில் இருந்தபடி சரியாகத்தான் தட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து நான் மூன்று நிரல் கேட்கிறேன். ஒன்று கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயர். இது குடிவரவுக்கும் அடையாள அட்டைக்கும். இரண்டாவது, பலகையில் தெரிய வேண்டிய பெயர். இதை வீரரே எழுதித் தர வேண்டும். மூன்றாவது, அதை எப்படி உச்சரிப்பது. அறிவிப்பாளர் கையில் மூன்றாவது நிரல் மட்டும் போனால் போதும். கூடவே ஆண், பெண் நிரலைப் பெயரைப் பார்த்து ஊகித்து நிரப்பாதீர்கள்.

படி 7: கட்டுநாயக்கவிலிருந்து அறை வரை

பதிவுப் பட்டியல் குடிவரவுத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே போக வேண்டும். விமான நிலையத்தில் அணிகளுக்குத் தனி மேசை கேளுங்கள். துப்பாக்கிச் சுடும் அணி வருகிறது என்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தொடர் இலக்கத்தோடு வேண்டும். தோட்டாக்களை விமானங்கள் ஆளுக்கு 5 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. மீதியை நாமே வாங்கி வைத்திருக்க வேண்டி வரும். கொண்டுவரும் உபகரணங்களை வரியில்லாமல் தற்காலிகமாக உள்ளே விட்டு, திரும்பிப் போகும்போது சரிபார்க்கிற ஏற்பாட்டைச் சுங்கத்தோடு பேசுங்கள்.

கோலூன்றிப் பாய்தலின் கோல் இருக்கிறதே, அது தனித் தலையிடி. ஏறத்தாழ 5 மீற்றர் நீளம். மடக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. நமது பிராந்தியத்தில் பறக்கிற சிறிய விமானங்களின் சரக்கறை பலவற்றில் அது நுழையாது. பெரிய விமானத்தில் சரக்காக முன்னரே அனுப்பச் சொல்லலாம். அல்லது நாமே பல நீளத்திலும் பல எடைத் தரத்திலும் கோல்கள் வாங்கி வைத்துக் கடன் கொடுக்கலாம். வீரர்களுக்கு இரண்டாவது பிடிக்காது, கடன் வாங்கிய கோலில் நம்பி ஏறுவது கடினம். ஆனால் வாங்கி வையுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

தங்குமிடத்துக்கென்று புதிதாக வீரர் கிராமம் கட்டுகிற எண்ணத்தை விடுங்கள். காலி வீதி ஹோட்டல்களும் பல்கலைக்கழக விடுதிகளும் போதும். கட்டில் நீளம் பாருங்கள்: ஆறரை அடி கரப்பந்தாட்டக்காரர் விடுதிக் கட்டிலில் கால் நீட்ட முடியாது. காத்மண்டு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில், திம்பு 2,300 மீற்றர் உயரத்தில். அங்கிருந்து நேராகக் கொழும்பின் புழுக்கத்துக்குள் வந்தால் உடல் பழகச் சில நாள் வேண்டும். அந்த அணிகளுக்கு ஐந்து நாள் முன்னதாகவே அறை கொடுங்கள்.

படி 8: பஸ்

கணக்கைக் கையால் போடுங்கள். உதாரணத்துக்கு வீரர்களும் அதிகாரிகளும் 2,600 பேர் என்று வைப்போம். ஒரு நாளில் அறுபது வீதம் நகர்ந்தால் 1,560 பேர். ஐம்பது ஆசனப் பஸ்ஸில் பையும் ஈட்டியும் தண்ணீர்ப் பெட்டியும் ஏறினால் 35 பேர்தான். 45 பஸ். பழுதுக்கும் தாமதத்துக்கும் ஐந்து. ஆக 50. ஒரே பஸ் இரண்டு நடை போகலாமே என்று கணக்குப்பிள்ளை சொல்வார். வெள்ளவத்தையிலிருந்து மருதானை தாண்டிச் சுகததாசவுக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு நடை அவரையே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

பாடசாலை தவணைக் காலமென்றால் காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரையும், பகல் ஒன்றரைக்குப் பின்னும் நகரம் அசையாது. விடுமுறையில் நடத்தச் சொன்னதற்கு இதுவும் காரணம். நடுவர்களுக்குத் தனி வண்டி வேண்டும், வீரர்களோடு ஏற்றக் கூடாது. தோற்ற அணிக்கு உடனே ஒரு பஸ் வேண்டும். இதை எல்லோரும் மறப்பார்கள். வென்றவர்கள் பதக்கம், படம், பேட்டி என்று ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். தோற்றவர்கள் அவர்களுக்காக வாசலில் காத்திருக்கக் கூடாது.

ஓட்டுநர் ஒவ்வொருவர் கையிலும் சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்த பாதைத் தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினோம் என்பது கணக்கில் வராது.

படி 9: சாப்பாடு

ஹலால் அனைவருக்கும் பொது என்று வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. மாட்டிறைச்சியையும் பன்றியையும் முழுதாக விடுங்கள். சைவச் சாப்பாட்டுக்குத் தனிக் கரண்டி, தனி மேசை, தனி ஆள். மாசிக்கருவாடு போட்ட சம்பலைச் சைவம் என்று வைத்த சமையற்காரரை நான் கண்டிருக்கிறேன், அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். தேங்காய்ப் பாலும் நமது உறைப்பும் போட்டிக்கு முதல் நாள் வேண்டாம். நேபாளிக்குப் பருப்பும் சோறும், பாகிஸ்தானியருக்கு ரொட்டி, எல்லோருக்கும் அவித்த முட்டை, வாழைப்பழம், தயிர். ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேளுங்கள்.

இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டிச் சத்தம் கேட்டு வீரர்கள் கீழே இறங்குவார்கள். தடுக்க முடியாது. போட்டி முடிந்தவர்களுக்கு மட்டும் என்று அணித் தலைவர்களிடம் சொல்லி வைக்கலாம்.

படி 10: போட்டி நாள்

காலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம், இரவு ஒன்பது மணிக்கு ஒரு கூட்டம், இரண்டும் இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இடி கேட்டால் மைதானத்தைக் காலி செய்யுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழிந்தபின்தான் திரும்பலாம். இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் ஒருவருக்கே, அவர் பிரதம அதிதியின் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பவராக இருக்கக் கூடாது. ஓட்ட முடிவுக் கமெராவுக்கும் நீச்சல் நேரம் பதியும் தொடு பலகைக்கும் ஜெனரேட்டர் மட்டும் போதாது. ஜெனரேட்டர் எழும்ப எடுக்கிற சில விநாடியில் படம் போய்விடும். இடையில் பற்றரி வேண்டும்.

நேரடி ஒளிபரப்புக்காரர் கேட்கும் நேரத்தைக் கவனமாகப் பாருங்கள். நமக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். நேபாளம் கால் மணி முன்னால், பங்களாதேஷும் பூட்டானும் அரை மணி முன்னால், பாகிஸ்தானும் மாலைதீவும் அரை மணி பின்னால். அறிவித்தல் எல்லாவற்றிலும் கொழும்பு நேரம் என்று எழுதாவிட்டால் யாராவது ஒரு அணி அரை மணி பிந்தி வரும்.

படி 11: வைத்தியமும் ஊக்கமருந்துப் பரிசோதனையும்

ஒவ்வொரு அரங்கிலும் ஐஸ் நிரப்பிய தொட்டி ஒன்று. வெப்பத்தில் மயங்கியவரை முதலில் குளிராக்கி, பிறகுதான் அம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். 1990 என்ற இலக்கத்துச் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையோடும் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவோடும் முன்கூட்டியே பேசி வையுங்கள். மழைக்குப் பின் விடுதிப் பூச்சாடிகளையும் கூரைப் பீலிகளையும் பாருங்கள். டெங்கோடு ஒரு அணி வீடு திரும்பக் கூடாது.

ஊக்கமருந்துப் பரிசோதனையை நமது தேசிய முகவரகம் செய்யும். அதற்கு 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இங்கே இல்லை. மாதிரிகள் வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டும். புது டெல்லி ஆய்வுகூடமே 2019 ஓகஸ்ட் முதல் 2021 டிசம்பர் வரை அங்கீகாரம் இழந்து கிடந்தது. ஆகவே இரண்டாவது ஆய்வுகூடம் ஒன்றோடும் உடன்பாடு வேண்டும். ஓடி முடித்து நா வரண்டவர் மாதிரி கொடுக்க இரண்டு மணித்தியாலம்கூட ஆகலாம். அவருக்காக ஒரு பஸ் காத்திருக்க வேண்டும். மறுபடியும் பஸ்.

படி 12: கொடி, கீதம், பதக்கம்

2006இல் பயன்படுத்திய ஒலிப்பதிவுப் பெட்டி எங்கேயாவது கிடந்தால் அதைத் தொடாதீர்கள். நேபாளத்தின் தேசிய கீதம் 2007இல் மாறிவிட்டது. பழையது மன்னராட்சிக் காலத்துக் கீதம். ஒவ்வொரு நாட்டிடமும் கீதமும் கொடியின் அளவும் எழுத்தில் வாங்கி, அணித் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்துக் கையொப்பம் வாங்குங்கள். நேபாளக் கொடி செவ்வகம் அல்ல, அதனால் ஏற்றும் தண்டில் கொக்கி வேறு மாதிரி வேண்டும். பூட்டான் கொடியின் டிராகன் தலைகீழாகத் தொங்குவதை ஒத்திகையில் கண்டுபிடிப்பது நல்லது. குத்துச்சண்டையில் வெண்கலம் இரண்டு. ஆகவே அரங்குக்கு ஒவ்வொரு நாட்டுக் கொடியும் குறைந்தது மூன்று. பதக்க எண்ணிக்கையில் அஞ்சலோட்டத்தின் மாற்று வீரர்களையும் கபடியின் 12 பேரையும் சேர்த்தீர்களா?

நமது கீதத்தை வாத்திய இசையாக மட்டும் ஒலிக்க விடுவது என் விருப்பம். மேடையில் நிற்கிற பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் முணுமுணுத்துக்கொள்ளும். 2016 சுதந்திர தின விழாவில் பல பத்தாண்டுகளுக்குப் பின் தமிழில் பாடினார்கள். அதை வைத்து அங்கே புதிதாக ஒரு விவாதத்தைத் தொடங்க வேண்டியதில்லை.

படி 13: தொண்டர்களும் மொழியும்

மும்மொழியும் பேசுகிற பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் தேடுங்கள். வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பாடசாலையில் ஒன்று என்று வளர்ந்தவர்கள். உருது, ஹிந்தி ஓரளவு விளங்குகிறவர்களும் கிடைப்பார்கள். இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு உங்கள் தமிழே போதும், இரண்டாம் நாள் வெள்ளவத்தையில் புடவைக்கடை எங்கே என்று கேட்பார்கள். தொண்டருக்குப் போக்குவரத்துச் செலவையும் சாப்பாட்டையும் அன்றன்றே கொடுங்கள். விழா முடிந்து மூன்று மாதம் கழித்துக் காசோலைக்காக அலைந்த பிள்ளை அடுத்த தடவை வராது.

அறிவித்தல் பலகைகளின் தமிழை அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருவர், கணினித் திரையில் அல்ல, அச்சடித்த தாளில் வாசிக்க வேண்டும். எழுத்துருக் கோளாறில் கொம்பு இடம் மாறி, கால் காணாமல் போய், வாசலுக்கு வாசல் நாம் சிரித்துக்கொண்டு போகிற பலகைகளை இந்த நகரத்தில் எத்தனை கண்டிருப்போம். விருந்தினருக்கு விளங்காது என்று விட்டுவிடாதீர்கள், நமக்கு விளங்கும்.

படி 14: எல்லோரும் போன பிறகு

கடைசி அணி விமானம் ஏறியதும் ஒழுங்கமைப்புக் குழுவின் தொலைபேசிகள் ஒவ்வொன்றாக ஓயும். அதற்கு முன் இரண்டு வேலை. கணக்கு: எல்லாச் சிட்டையும் 60 நாளுக்குள் கணக்காய்வுக்கு. உபகரணம்: வாங்கிய ஒவ்வொன்றும் எங்கே போகப் போகிறது என்ற பட்டியல், விழாவுக்கு முன்பே கையொப்பமிட்டு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் கொழும்புக் களஞ்சியம் ஒன்றில் தூசி குடிக்கும். உயரம் பாய்தல் மெத்தை மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்கு, தொடக்கப் பலகைகள் வவுனியாவுக்கு, தடைகள் பதுளைக்கு என்று பெயர் போட்டு ஒதுக்குங்கள். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை; அங்கிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தவர்.

அந்தக் கடன் கோல்களை வாங்கி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். யாழ்ப்பாணம் துரையப்பா மைதானத்துக்கு என்று பட்டியலில் எழுதி, நீளமான லொறி ஒன்றை முன்பதிவு செய்யுங்கள். 5 மீற்றர் கோல் சாதாரண லொறியில் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். சிவப்புத் துணி கட்டாவிட்டால் ஏ-9 வீதியில் பொலிஸ் மறிக்கும்.